அப்பாவின் மூடிய முஷ்டி

செகந்திராபாத்தில் எங்கள் சைனிக்புரிப் பெண்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஹைடெக் சிட்டிக்கு பஸ் பிடித்த காலத்தில், நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஊசி போடத் தெரியாத டாக்டர்" என்று அப்பா கிண்டல் செய்வார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர். பேச்சில் பாதி இந்தி. அவர் போன பிறகும் அந்தக் கிண்டலை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். போய்ப் படுத்ததும் பிரஷர் பார்ப்பார்கள், எகிறிக் கிடக்கும். இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், மாத்திரையையும் கூட்டுவார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் காலை கட்டிலைவிட்டு எழுந்தவர் தலை சுற்றிக் குளியலறை வாசலில் விழுந்தார். ஓடிப்போய்ப் பிரஷர் பார்த்தால் ரொம்பக் கீழே கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் இறங்குவது ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் ஏறுகிறது?

"பயம், வேற என்ன" என்றாள் அம்மா.

"எனக்கா பயம்? சண்டைக்குப் போனவன்டி நான்!" என்று குதித்தார்.

அந்த வாரம் என் வகுப்பில் கைப்பிடிச் சோதனை. மாணவன் ஒரு கையால் ஸ்பிரிங் வைத்த பிடியை விடாமல் அழுத்துவான். மறு கையில் பிரஷர் பார்ப்போம். ஓடுவது மட்டும் உடற்பயிற்சி இல்லை, அசையாமல் இறுக்கிப் பிடிப்பதும் அதுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாகப் போகாது. அங்குள்ள நரம்பு நுனிகள் மூளையிடம் முறையிடும். மூளை இதயத்தை விரட்டும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழுத்தம் ஏறும். சும்மா இருக்கும்போது அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியில் காவலிருக்கும் நரம்புகள் அதை இறக்கிவிடும். உடல் வேலை செய்யும்போது எவ்வளவு வரை ஏறலாம் என்ற வரம்பையே மூளை உயர்த்திவிடுவதால் அவையும் விட்டுக்கொடுத்துவிடும். பிடியை விட்டால் எல்லாம் பழையபடி இறங்கிவிடும்.

சொல்லிக்கொண்டே மாணவனின் கையைப் பார்த்தேன். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அட கடவுளே, இது எங்கப்பா கை! டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் போதும், அப்பாவுக்கு அது மேலதிகாரி. உட்கார்ந்தாலும் படுத்தாலும் அட்டென்ஷன்தான். முதுகு விறைப்பாக, இரண்டு கையும் முஷ்டியாக.

அடுத்த முறை நானும் உள்ளே போனேன். நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, "எக்குவ உந்தி மேடம்" என்று உதட்டைப் பிதுக்கினாள். அதிகம்தானாம். போர்வையை விலக்கினேன். முஷ்டி கல்லாக இறுகியிருந்தது.

"அப்பா, கையைத் தளர்த்துங்க."

"தளர்வாத்தாம்மா இருக்கு." சத்தியமாக அப்படித்தான் நம்பினார், பாவம்.

பரேடில் அட்டென்ஷனைக் கலைக்க ஒரே கட்டளைதான் உண்டு. குரலை உயர்த்தி, "விஷ்ராம்!" என்றேன்.

நர்ஸ் திடுக்கிட்டாள். அப்பாவின் விரல்கள் பிரிந்தன. என்னை முறைத்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் மறுபடி மூடிவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

மறுநாள் ஒரு கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா, முன்நெத்தியெல்லாம் நரைச்சிடுச்சே! எப்போ?"

"ரெண்டு வருஷமாச்சுப்பா."

தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் டீ குடித்திருக்கிறேன். என் முகம் தெரியவில்லை என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நர்ஸ் பார்க்கப் பார்க்க, அங்கேயே நின்று அழுதேன்.