ஆறாவது மைல் கல்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் கண்ணாயியைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. சேலத்துக்குப் போகும் முதல் பஸ் கிளம்பி வளைவு திரும்பும்போது, தலையில் கொய்யாக் கூடையோடு, "ஏனுங்க, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறவள் அவள்தான். வாரத்தில் நான்கு நாள் பஸ் நிற்காது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் சேலம் மார்க்கெட்டில் வாங்குகிறவர்கள் வாங்கிப் போயிருப்பார்கள். பாதிக் கூடை கனிந்து வீணாகும்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கோழி கூவுமுன் எழுந்துவிடுகிறவள். தலைச்சோலைக்கு அப்பால் காட்டோரத்தில் அவள் ஊர். அங்கிருந்து டவுனுக்குக் காட்டுக்குள்ளேயே ஒரு குதிரைப் பாதை உண்டு. மலைக்கு ரோடு வராத காலத்தில் வெள்ளைக்காரர்கள் குதிரையிலும் டோலியிலும் போய்வந்த பாதை, கல் பாவியது. பலா மர நிழலில் முக்கால் மணி நேரம் நடந்தால் டவுன். 1976-இல் அந்தப் பாதை போகும் காப்பி எஸ்டேட் கைமாறியதும் புது முதலாளி அந்தப் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அன்று முதல் கண்ணாயி ரோட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடக்கிறாள்.

மற்றவர்கள் நாலு நாள் புலம்பிவிட்டுப் பழகிக்கொண்டார்கள். இவளால் முடியவில்லை. லாட்ஜில் வேலை பார்க்கும் காமாட்சியைப் பிடித்து தாலுகா ஆபீசுக்கு மனுவுக்கு மேல் மனுவாக எழுத வைத்தாள். "அங்கே பாதையே இருந்ததில்லை, ஆடு போன தடம்தான்" என்று எஸ்டேட் ரைட்டர் செல்வராஜ் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். ஆடு எந்தக் காலத்தில் கல் பாவியதோ!

"ஏனுக்கா, பழைய பாதைன்னு காட்ட ஏதாச்சும் இருக்குதா?" என்று காமாட்சி ஒருநாள் கேட்டாள்.

கண்ணாயி யோசித்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் இடுப்புயரக் கல் ஒன்று நிற்கிறது. அதில் இங்கிலீஷ்காரன் போட்ட 6 என்ற எண் செதுக்கியிருக்கும். எத்தனையோ வருஷம் அதன் மேல் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கியிருக்கிறாள். அது சாட்சி சொல்லும் என்று தோன்றியதே இல்லை.

அதை எழுதிப் போட்டதும் வேலை நடந்தது. 1979 சித்திரையில், கல்லைப் பார்க்க அதிகாரி ஒருவர் நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. கண்ணாயி ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணுவிடம் ஓடினாள்.

"அந்தக் கல்லைப் பாக்கத்தானுங்க மாமா பெரிய ஆபீசர் வர்றாரு. கல்லு இருந்தாத்தான் நமக்குப் பாதை."

"நீ டவுனுக்குப் போயி அவரைக் கூட்டிக்கிட்டு வா சாமி. கல்லை நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள், புண்ணியவான்கள்.

மறுநாள் காலை அதிகாரியும் ரைட்டரும் கண்ணாயியும் ஊரில் ஜீப்பை விட்டு இறங்கிப் பாதையில் நடந்தார்கள். காப்பி பூத்திருந்த நேரம். இருபக்கமும் வெள்ளை வெளேரென்று பூ. வாசனை மூச்சை நிறைத்தது. அதிகாரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலடியில் குளிர்ந்த கல்லைப் பார்த்துப் பார்த்து நடந்தார். "இவ்வளவு நல்ல வழியை யாராவது அடைப்பாங்களா?" என்றார். செல்வராஜின் முகம் சுண்டிவிட்டது. கண்ணாயிக்கு அப்போதே முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது.

திருப்பம் வந்தது. ஊரே கைகூப்பி நின்றது. நடுவில் கல்லைக் காணோம். இருந்தது ஒரு சாமி. செதுக்கிய எண் அடைபடும்படி சுண்ணாம்பை அப்பி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துண்டு கட்டி, அரளி மாலை போட்டிருந்தார்கள். முன்னால் உடைத்த தேங்காய். கற்பூரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"மைல் கல் எங்கே?" என்றார் அதிகாரி.

"இதுதானுங்க" என்றாள் கண்ணாயி.

செல்வராஜ் விடுவாரா? "பாருங்க சார், சுண்ணாம்பு கூடக் காயல. இடத்தை வளைக்க நேத்துத்தான் சாமி வெச்சிருக்காங்க."

அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்லியாக வேண்டும். "சுரண்டிக் காட்டுங்க. எண் இருந்தா எழுதிக்கிட்டுப் போறேன்" என்றார்.

"மாமா, சுரண்டுங்க."

ஐயாக்கண்ணு இரண்டடி பின்வாங்கினார். "என்ன பேச்சுப் பேசற? தேங்கா ஒடைச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. இனி அதுமேல கத்தி வெக்கறதா?"

"நான் கல்லைத்தானுங்க கேட்டேன்! சாமியை யாருங்க கேட்டது?"

"நொம்பப் பெரிய மனுசன் பாக்க வர்ற கல்லை மொட்டையா நிறுத்தி வெக்கச் சொல்றியா?"

கண்ணாயிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக்கொண்டு கல்லின் முன் குந்தினாள். மூன்று வருஷத்து மனு, இரண்டரை மணி நேர நடை, போன பஸ்ஸெல்லாம் அந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் இருந்தன. நாலு இழுப்பு இழுத்தால் போதும். எதிரே குங்குமம் அவளையே பார்த்தது. ஓங்கிய கை அரிவாளைக் கீழே வைத்தது. அவள் சொல்லாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்புறம்தான் அவள் அழுதாள், தன் கையை நினைத்து.

அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "பாவின கல்லை எஸ்டேட் போட்டதுன்னு சொல்லிடுவாங்க. எண் இல்லாம நான் என்னம்மா எழுத முடியும்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

பாதை இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று ஆவணியில் பதில் வந்தது. ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்து 6 பளிச்சென்று வெளியே வந்தது. காமாட்சி இன்னொரு மனு எழுதினாள். ஏற்கெனவே நேரில் பார்த்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கியபோது, கல்லுச்சாமிக்கும் வெள்ளையடிப்பது என்று ஊர் கூடித் தீர்மானித்தது. வருஷத்துக்கு ஒரு வீடு. "நம்ம ஊருக்கு இந்தச் சாமி வந்ததே உன்னாலதான். மொதல் முறை உன் ஊட்டுக்கு" என்று ஐயாக்கண்ணு மரியாதை செய்தார்.

விடிந்ததும் கண்ணாயி சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போனாள். எண்ணின் வளைவுக்குள் அவளே விரலை விட்டு, பள்ளம் தெரியாமல் அடைத்தாள். கையைக் கழுவிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வழியாக நடந்தாள். அன்றும் பஸ் போய்விட்டிருந்தது.