கேட் லாக்கரில் இருந்த மாத்திரை

கணவர் போனபின் விருதுநகர் பக்கமிருந்து வந்து, வீரபாண்டியில் தனியாக ரூம் எடுத்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். படியேறினால் நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். வாயு என்று சோடா குடித்தே ஓட்டினேன். டாக்டர்தான் 'ஆஞ்சைனா, இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை' என்று சொல்லி, வலி வந்தால் நாக்குக்கடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று கம்பெனியில் நான் மூச்சு விடவில்லை.

எங்கள் கம்பெனியில் கைப்பையை கேட் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். மாத்திரை அந்தப் பையில் கிடந்தது. போன மாதம் பண்டல் தூக்கும்போது வலி பிடித்தது. அப்போதும் வாய் திறக்காமல், மாத்திரைக்காக மூன்று மாடி இறங்கப் பார்த்தேன். பாதியில் வேர்த்துக்கொட்டி, படியிலேயே சரிந்தேன்.

"என்னாச்சுங்கக்கா?" பின்னாலேயே வந்தவர் பக்கத்து டேபிள் பெண். சாவியை வாங்கிக்கொண்டு ஓடி, மாத்திரையைக் கொண்டுவந்தார். வைத்தும் வலி அடங்காததால் 108-ஐக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட யாருங்க?" என்றார்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

"நான் இருக்கேனுங்க, எம்பேரு சாந்தாமணி" என்றார் ஆம்புலன்சில் கூடவே வந்திருந்த அவர். நான்கு வருடம் பக்கத்தில் நின்றவரின் பெயரே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது மாத்திரைக் குப்பி என் இடுப்பிலேயே இருக்கிறது. வலி வந்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐடி கார்டின் பின்னால் அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் என்ற இடத்தில் சாந்தாமணி பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'பக்கத்து டேபிள்' என்று எழுதினேன்.