சவரிமுத்துவின் மாஜரின் டப்பா

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் டிஸ்பென்சரி நடத்தியவன் நான். மருந்துப் பெயர்கள்கூட மறந்துகொண்டு வருகின்றன. சவரிமுத்துவிடம் கத்தியது மட்டும் மறக்கவில்லை.

அவர் ஃபெக்டரியில் வேலைசெய்து ஓய்ந்தவர். மனைவி ஜெசிந்தா கொழும்பில் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்தாள். இவருக்குக் கொலஸ்ட்ரோல் என்றதும், அந்த வீட்டம்மா சாப்பிடும், கொலஸ்ட்ரோலைக் குறைக்கிற பிளான்ட் ஸ்டெரோல் சேர்த்த மாஜரினைத் தன் சம்பளத்தில் வாங்கி, பதுளை பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். இவர் அப்புத்தளைக்குப் போய் வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் ரிப்போர்ட்டோடு வந்தார். கொலஸ்ட்ரோல் இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, ஒரு மாத டப்பாவைப் பத்தே நாளில் முடிக்கிறார்.

"ரொட்டிக்கு, சோத்துக்கு, எல்லாத்துக்கும் போட்டுக்குவேங்க."

"மரக்கறி?"

"ஒத்த ஆளுக்கு என்னத்தச் சமைக்கிறதுங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்யா சவரி, ஒனக்குக் கிறுக்கா? அளவுக்கு மேல தின்னா கொலஸ்ட்ரோல் இன்னும் எறங்கிடாது. அந்த ஸ்டெரோல் கொழுப்ப மட்டுமா தடுக்கும்? கரட், கீரையில வர்ற கரோட்டின் சத்தும் ரத்தத்துல கொறையும். அதுக்குத்தான் இதச் சாப்பிடுறவங்க மரக்கறி கூடுதலாத் திங்கணும்ங்கிறது. வெலிமடைக் கரட் லயத்து வீட்டு வாசலுக்கே வருது, நீ அதையும் வுட்டுட்ட!"

இனி மாதத்துக்கு ஒரு டப்பாதான் என்று உத்தரவும் போட்டேன். அறுபது தாண்டிய மனுஷன், பெஞ்சில் உட்கார்ந்து பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"டப்பா முடிஞ்சாத்தாங்க அவ அடுத்தது அனுப்புவா. கூட ஒரு கடுதாசி இருக்கும். போன்ல பேச ஆரம்பிச்சா அந்த வீட்டம்மா வேலைக்குக் கூப்பிட்டுருவாங்க. கடுதாசியிலதான் மனசுல உள்ளத எழுதுவா."

"அப்ப எழுதச் சொல்றதுதானே?"

"இந்த வயசுல பொண்டாட்டிக்கிட்ட கடுதாசி போடுன்னு கேக்க வெக்கமா இருக்குங்க. மாஜரின் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிரலாம்."

குவாட்டர்ஸில் ரேடியோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவன் நானும்தான். எனக்கே அது உறைக்கவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள், ஏன் என்றும் கேளுங்கள்.

என் போனை அவர் கையில் கொடுத்தேன். வெளியே போயிருப்பேன், ஆனால் அடைமழை. மருந்து அலமாரியைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஜெசிந்தா, நாந்தான். டாக்டரய்யா போன்ல... இல்ல, மாஜரின் இருக்கு. நெறையவே இருக்கு. அதுக்கில்ல..."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு கடுதாசி போடேன்."