இடதுபக்கத்துக் கிட்டார்

புதுச்சத்திரத்துக் குருமூர்த்தியிடம் யாரும் பாட்டைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. எடுத்தவர்கள் ஒருமுறைதான் எடுத்தார்கள். கல்யாண மண்டபத்துக் கச்சேரி, பஸ்ஸில் ஓடும் பாட்டு, கோயில் நோம்பிக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர், பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் செல்போனில் வைத்து உருகும் சோகப்பாட்டு, எல்லாமே அவருக்கு ஒன்றுதான். "சக்கரைத் தண்ணி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை செலவழிக்க மாட்டார். கீழ் உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

அவர் கேட்டது இங்கிலீஷ் ராக்கும் மெட்டலும். வயது நாற்பத்தேழு, பத்தாம் வகுப்பில் தேறாதவர், அந்தப் பாட்டுகளில் ஒரு வரிகூடப் புரியாது. "அர்த்தம் தெரியாம என்னத்தங்க கேக்கறீங்க?" என்று ஒருவர் டீக்கடையில் கேட்டுவிட்டார். "கோயில்ல மேளம் அடிக்கறப்ப அர்த்தங் கேட்டுட்டா நிக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் பக்கம் திரும்பாமலே டீயைக் குடித்து முடித்தார்.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது ரிக் வண்டியில். போர்வெல் போடும் ரிக்கில் டிரில்லராக ஊர் ஊராகப் போனவர், மூன்று வருடம் மேகாலயாவின் மலைகளில் இருந்தார். அங்கே மழை பிடித்தால் விடாது. மெஷினை மூடிப்போட்டுவிட்டுக் கூடாரத்தில் சீட்டாடிக் கிடப்பார்கள். உடைந்த ராடு ஒன்றைப் பற்றவைக்க ஒருநாள் உள்ளூர் வெல்டர் ஒருவரிடம் போனார். அந்த வெல்டர் சனிக்கிழமைகளில் கிட்டார் வாசிப்பவர். பட்டறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்து அடிக்கும் டிரம். குருமூர்த்திக்கு அந்த அடி தெரியும். துளைபோடும் ஹேமர் மண்ணைத் தாண்டிக் கெட்டிப் பாறையைத் தொடும்போது வருகிற அதே அடி. ராடு ஆறும்வரை நின்றார், ஆறிய பிறகும் நின்றார். அந்த வெல்டர் ஒருவரைத்தான் அவர் வாழ்நாளில் ஒரு சொல்கூட இளக்காரமாகப் பேசியதில்லை.

இப்போது ஊரோடு வந்துவிட்டார். நாமக்கல் ரோட்டில் கம்ப்ரசர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி வைத்து மாலையில் பாட்டுக் கேட்பார். மகள் பிளஸ் டூவுக்கு வந்ததும் மனைவி கோகிலவாணி அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

"புள்ள படிக்க வேண்டாமுங்களா? காதுல மாட்டிக் கேக்கற சாமான் ஒண்ணு வாங்கிக்கங்க."

அந்தச் செய்தி எப்படியோ வெண்ணந்தூருக்குப் போய், கோகிலவாணியின் தம்பி ஜெயபிரகாஷ் யோசனை சொல்ல வந்து சேர்ந்தான். டிராவல்ஸ் கார் வைத்திருப்பவன். டிக்கி முழுக்க ஸ்பீக்கர். அவன் வருவது ஆட்களுக்குத் தெரியுமுன் ஜன்னல் கம்பிகளுக்குத் தெரியும்.

"பேஸ் நெம்ப இருக்கறதாப் பாத்து வாங்குங்க மாமா."

"பேஸ் பேஸுங்கறயே, அப்படின்னா என்ன மாப்ள?"

ஜெயபிரகாஷ் யோசித்தான். "அதுங்க மாமா, நெஞ்சுல வந்து இடிக்கும்."

"அது மாரடைப்பு" என்றார் குருமூர்த்தி. கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு அவன் காப்பிக்கு நிற்கவில்லை.

யூடியூபில் ஹெட்போன் பற்றிப் பேசுகிறவர்களையும் பார்த்தார். ஒருவன் பெட்டியைப் பிரிக்கவே பாதி வீடியோவைத் தின்றான். இன்னொருவன் புல்லாங்குழலும் குயிலும் வருகிற பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, மெட்டலுக்கும் இதுவே சிறந்தது என்று தீர்ப்புச் சொன்னான். இடியாப்பம் தின்றுவிட்டு எலும்பு கடிப்பதைப் பற்றிப் பேசுகிற ஆள் என்று நினைத்து மூடினார்.

தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். விலை இரண்டாயிரத்துக்குள். வயர் வைத்தது, ஏனென்றால் செல்போனுக்கு சார்ஜ் போடுவதோடு காதுக்கும் சார்ஜ் போட்டுக்கொண்டு திரிய முடியாது. காதை முழுக்க மூடுகிற மெத்தை. முக்கியமாக பேஸ் என்கிற அடிக்குரல் முழக்கம் அளவாக இருக்க வேண்டும். அது மிஞ்சினால் கிட்டார் சேற்றில் போய்விடும், டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழாமல் குழம்பாகிவிடும்.

ஆன்லைனில் வரவழைத்த முதல் ஹெட்போனை மாட்டினார். மெட்டல் பாட்டில் பெரும்பாலும் இரண்டு கிட்டார்கள். ஒன்றை இடதிலும் ஒன்றை வலதிலும் பிரித்து வைத்திருப்பார்கள். வலதுபக்கத்துக் கிட்டார் அறுத்துக்கொண்டு வந்தது. இடதுபக்கத்தது, சுவருக்கு அப்பால் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. திருப்பி அனுப்பினார். இரண்டாவதாக வேறு கம்பெனி. அதிலும் இடதுபக்கம் செத்துக் கிடந்தது. "காது கேளாதவர்கள் தயாரித்தது" என்று கம்பெனியின் இணையப் பக்கத்தில் மகளை விட்டு எழுத வைத்தார். அவள் எழுதிவிட்டு, "போதுமாப்பா? இன்னும் எச்சா திட்டோணுமா?" என்று கேட்டாள்.

கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு பஸ் ஏறினார். அஸ்தம்பட்டியில் பிரான்சிஸ் என்பவர் சின்னதாக எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தார். சர்ச்சில் காலைப் பூசை முடித்து வெள்ளைச் சட்டையோடு வந்து அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். குருமூர்த்தி கேட்டதைச் சொன்னதும், வேறெந்தப் பெட்டியையும் காட்டிக் குழப்பாமல், அலங்காரமில்லாத கறுப்பு ஹெட்போன் ஒன்றை எடுத்து வைத்தார். குருமூர்த்தி தன் செல்போனில் செருகிக் கேட்டார். கழற்றி மேஜைமேல் போட்டார்.

"இதுலயும் இடதுபக்கம் அவுட்டு. ஊரையே ஏமாத்தறதுன்னு எல்லாருஞ் சேந்து முடிவு பண்ணீட்டீங்களாட்ட இருக்குது."

பிரான்சிஸ் தன் காதில் மாட்டிக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார், பாட்டுக்காகத்தான். "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு சார். திருப்பி மாட்டிப் பாருங்களேன். இடதை வலதுல வைங்க."

முட்டாள்தனமான யோசனை என்று காட்டும்படி பெருமூச்சு விட்டுவிட்டுத் திருப்பி மாட்டினார். செத்துக் கிடந்த கிட்டார் வலது காதில் உயிரோடு வந்தது. இதுவரை அறுத்துக்கொண்டிருந்தது இடது காதில் சுவருக்கு அப்பால் போய்விட்டது. மீண்டும் மாற்றினார். அப்படித்தான். கடையில் வேறு ஆள் இல்லை. பிரான்சிஸ் பெட்டியை மூடுவதுபோல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"காதை ஒருதடவை பாத்துக்கங்க சார்."

"உங்க கடைக் கரண்டே சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு குருமூர்த்தி இறங்கி நடந்தார். செல்போன் ஓடுவது கடைக் கரண்டில் இல்லை என்பது ஏற்காடு ரோட்டைத் தாண்டும்போதே அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு கோகிலவாணியை அழைத்தார். "எனக்குப் பின்னால நில்லு. ஒவ்வொரு காதுப் பக்கமா மெதுவா எதையாச்சும் பேசு."

அவள் நின்றாள். வலது காதில், "இன்னைக்குக் கொள்ளுப் பருப்பு கடையட்டுங்களா?" என்பது கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

"ஏன் நிறுத்தீட்ட? அந்தப் பக்கமும் பேசு."

"பேசீட்டுத்தானுங்க இருக்கறேன்" என்று முன்னால் வந்து நின்றாள். "உங்களுக்கு அந்தக் காது மந்தமுன்னு எனக்குத் தெரியுமுங்க. நாலஞ்சு வருசமா வலப்பக்கம் வந்துதான பேசறேன். சாப்பாடு போடறப்பவும் அந்தப் பக்கமே உக்காந்துக்கறேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? கொறை சொன்னவங்களத்தான கொறையாக்குவீங்க."

குருமூர்த்தி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மனைவிக்கு வாயைத் திறந்து பேச வராது, மொணமொணவென்று பாதிச் சொல்லை விழுங்குகிறவள் என்று சொந்தபந்தம், உறம்பரை வீட்டிலெல்லாம் அவர் சொல்லிச் சிரித்ததுண்டு. அவளும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அன்று கொள்ளுப் பருப்பைத் தலை குனிந்து தின்றார். உப்புக் குறைவாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

சேலத்தில் காது டாக்டர் சித்ரா, சத்தம் புகாத அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார். ஸ்கேனும் எடுத்துப் பார்த்து, வேறு கோளாறு இல்லை என்றார். வேலையைப் பற்றி விசாரித்தார். ரிக்கின் கன்ட்ரோல் முன்னால் நின்றால் கம்ப்ரசர் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார்.

"இடதுபக்கமுங்க" என்றபோது குருமூர்த்திக்கே எல்லாம் விளங்கிவிட்டது.

"அந்த இரைச்சல்ல காது நரம்பு போனது போனதுதான், திரும்ப வராது. வலதும் லேசா இறங்க ஆரம்பிச்சிருக்கு. பட்டறையில காதுக்குக் கவசம் போடாம நிக்கவே கூடாது. பாட்டு கேக்கலாம். சத்தம் பாதிக்குக் கீழ, அதுவும் கொஞ்ச நேரம். என்ன பாட்டு கேப்பீங்க?"

சொன்னார். டாக்டரின் முகம் போன போக்கைக் கவனித்துக்கொண்டார். இவ்வளவு படித்தும் சர்க்கரைத் தண்ணீர்தானா என்று நினைத்ததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அஸ்தம்பட்டிக் கடைக்கு அவர் மறுபடி போனது அந்தத் தெம்பில்தான். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. "அந்தக் கறுப்பையே குடுங்க" என்றார். பிரான்சிஸும் பழையதைக் கிளறவில்லை.

"இதுக்கு பேஸ் கம்மிங்க சார், அது நல்லதுதான். பேஸ் அமுக்கற செட்டுல கிட்டாரைத் தேடிச் சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவோம். இதுல குறைச்சு வெச்சாலும் தெளிவாக் கேக்கும்." பிறகு செல்போனை வாங்கி, அதன் அமைப்புகளில் எங்கோ உள்ளே போய், 'மோனோ' என்ற ஒன்றைத் தட்டிவிட்டார். "இனிமே ரெண்டு பக்கமும் வர்றது ஒண்ணாச் சேந்து ஒவ்வொரு காதுலயும் வரும்."

குருமூர்த்தி கடையிலேயே நின்று கேட்டார். சத்தம் பாதிக்கும் கீழே. இரண்டு கிட்டார்களும் வலது காதுக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தன. பிரித்துவைத்தபோது இருந்த அகலம் இல்லை. பெரிய மண்டபத்திலிருந்து சின்ன அறைக்கு வந்ததுபோல்தான் இருந்தது. ஆனால் யாரும் காணாமல் போகவில்லை. பாட்டு முடியும்வரை பிரான்சிஸ் வேறு ஆளுக்கு சார்ஜர் விற்றுக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லீங்க" என்றார் குருமூர்த்தி. அவருடைய வாயிலிருந்து அது எவ்வளவு பெரிய சொல் என்பது பிரான்சிஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த வாரம் பெரிய மஞ்சள் காதுக் கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். கம்ப்ரசரைச் சோதித்துக்கொண்டிருந்த ஃபிட்டர் ஆண்டி, அவரோடு ஒரே வண்டியில் மலைக்குப் போன பழைய கூட்டாளி, மெஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மூர்த்தி, ஏரோப்ளேன் ஓட்டப் போறயா?"

குருமூர்த்தி கவசத்தைத் தூக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆண்டியின் இரண்டு காதிலும் மெஷின் துடைக்கும் கழிவுப் பஞ்சு எண்ணெய்க் கறையோடு எட்டிப் பார்த்தது.

"பஞ்சு வெக்கறதுக்கு ஏண்டா அவசரப்படற? மூக்குல வெக்கறப்ப சேத்துக் காதுலயும் வெச்சு உடுவாங்க. எந்திரிச்சுப் போயி மொதலாளிகிட்ட இன்னொரு கவசம் கேட்டு வாங்கீட்டு வா."

ஆண்டி ஏதோ பதிலுக்குச் சொன்னார். குருமூர்த்தி அதற்குள் கவசத்தை இழுத்து மூடிவிட்டு, உதட்டைக் கோணிக்கொண்டு வால்வைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.