கோழிக்குத் துடக்கு உண்டோ?

கால்நடை வைத்தியக் கந்தோரில் வேலை செய்கிறவனுக்கு மிருகங்களால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மாடு உதைக்கும், நாய் கடிக்கும், அதோடு விஷயம் முடிந்துவிடும். கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் கதைப்பார்கள். முள்ளியவளைப் பக்கம் நெடுங்காலம் மோட்டார் சைக்கிளில் அலைந்த கள உத்தியோகத்தன் நான். இதே பாடு படுகிற உங்களுக்கு மாடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பேட்டுக்கோழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதன் பெயர் ரீச்சர். கையில் பிரம்பு இல்லையே தவிர, நடையும் பார்வையும் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தவைதான்.

வழக்கமான கேள்வி

செல்லத்துரை அண்ணை வயல்காரர். அவரும் மனைவி ராணி அக்காவும் ரீச்சரை ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வயிறு ஊதியிருந்தது. இறக்கி விட்டால் கால்களை அகட்டி வாத்துப்போல நடந்தது. வயதைக் கேட்டேன். மகள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போன வருடம் பொரித்த குஞ்சு என்றார் ராணி அக்கா. அந்த மகளின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். மகள் ஆசையாகப் பிடித்துத் திரிந்த குஞ்சு என்பதால், அன்றிலிருந்து அதைச் சட்டிக்குக் கிட்டவும் விடவில்லை. முட்டையும் நின்று கனகாலம்.

எங்கள் தொழிலில் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. நாவு தானாகவே அதைக் கேட்டுவிடும். "இறைச்சிக்கோ, முட்டைக்கோ வளர்க்கிறியள்?" என்றேன். ராணி அக்கா கடகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தம்பி, வருத்தம் எண்டு கொண்டுவந்தனாங்கள். நீங்கள் சந்தையிலை விலை கேக்கிற மாதிரிக் கேக்கிறியள்."

மூன்று வழி

டொக்டர் இளம் பிள்ளை. இதுதான் முதல் நியமனம். ரீச்சரின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே முட்டைப்பை பழுதாகி நீர் கட்டுகிறது, இது மாறாது என்று சொன்னார். மூன்று வழிகள் இருந்தன. நீரை ஊசியால் எடுத்துவிடலாம், ஆனால் திரும்பவும் கட்டும். ஒன்றும் செய்யாமல் நோவுக்கு மருந்து கொடுத்து வைத்துப் பார்க்கலாம். அல்லது ஒரேயடியாக ஊசி போட்டு நித்திரையாக்கிவிடலாம். மூன்றாவதைக் கேட்டதும் செல்லத்துரை அண்ணை மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். ராணி அக்கா கோழியின் தலையைக் கையால் மூடினார், அதற்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பினார்கள். வாசலில் கன்றுக்குட்டியோடு காத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"கோழிக்கு மூண்டு வழியோ? என்ரை மனிசிக்குப் பெரியாஸ்பத்திரியிலை ஒரு வழிதானே சொன்னவை."

கத்தி

ஒரு கிழமை கழித்து ஹனீபா நானா கந்தோருக்கு வந்தார். தண்ணீரூற்றில் கோழிக்கடை வைத்திருப்பவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து போட்ட கடை. அவர் கையில் ரீச்சர் இருந்தது. பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு செல்லத்துரை அண்ணை வந்தார், களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி.

நடந்தது இதுதான். கோழி மூச்சு வாங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க அண்ணையால் முடியவில்லை. ராணி அக்கா சங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, சைக்கிள் கரியரில் கடகத்தைக் கட்டி, அறுத்து விடச் சொல்லி நானாவிடம் கொண்டுபோயிருக்கிறார். நானா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு, கோழியையும் ஆளையும் நேரே எங்களிடம் கூட்டிவந்துவிட்டார்.

"நாங்க அறுக்கிறது திண்ணுறதுக்கு அண்ணே. உங்களுக்குப் பாக்கேலாம இருக்கெண்டு அறுக்கேலா."

சைக்கிள் டயர்

அன்று பின்னேரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போய் ஊசியால் நீரை எடுத்தேன். இரண்டு தேநீர்க் கோப்பை நிரம்பியது. ரீச்சர் சிலிர்த்துக்கொண்டு எழும்பி, நேரே போய்ச் செல்லத்துரை அண்ணையின் சைக்கிள் டயரில் நாலு கொத்துக் கொத்தியது. அது தினமும் செய்கிற வேலையாம். அண்ணை அந்தக் காட்சிக்கு முகம் கொடுக்காமல் வேலிப்பக்கம் போய் நின்றார். கடகக் கதை இதற்கிடையில் ராணி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் அண்ணைக்குச் சோறு வந்ததாம், கதை வரவில்லையாம்.

முடிவெடுக்க வேண்டிய நேரம் எப்படித் தெரியும் என்று ராணி அக்கா என்னைக் கேட்டார். தீன் தின்கிறதா, தானாக எழும்பி நடக்கிறதா, மற்றக் கோழிகளை அதட்டுகிறதா என்று பாருங்கோ, எல்லாம் நின்றால் கூப்பிடுங்கோ என்று வழக்கமான பாடத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு வேலிப்பக்கம் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"எனக்கு உவ்வளவும் வேண்டாம் தம்பி. உந்தச் சைக்கிளைக் கொத்தாமல் விடுற அண்டைக்கு நானே சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கடகத்தைத் தொடக்கூடாது."

பொங்கல் கிழமை

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும். அந்தக் கிழமை எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் லீவு. ராணி அக்காவுக்கு அந்த வருடம் அம்மனுக்குப் பொங்கிப் படைக்கிற நேர்த்திக்கடனும் இருந்தது. மகளின் மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்து எழும்பியதற்கு வைத்த நேர்த்தி. புதுப்பானை வாங்கி, குசினியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

பொங்கலுக்கு முதல்நாள் காலை அண்ணையின் அழைப்பு வந்தது. ரீச்சர் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறது. சைக்கிளைக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தியும் பார்க்கவில்லை. டொக்டரும் நானும் போனோம். இனி நீர் எடுத்துப் பயனில்லை, பொங்கல் முடியும்வரை வைத்திருந்தால் மூச்சுத் திணறித்தான் போகும் என்றார் டொக்டர். ராணி அக்கா ஊசிக்குச் சம்மதித்தார். ஆனால் விரத வீட்டில் உயிர் எடுக்க முடியாது. வெளியே எங்காவது வைத்துச் செய்தாலும், கிட்ட நின்றவருக்குச் சாவீட்டுத் துடக்கு வந்தால் கோயில் வாசலும் மிதிக்க முடியாது, பொங்கவும் முடியாது. அவர் டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, கோழிக்குத் துடக்கு உண்டோ?"

நானா வீடு

அண்ணை கோயில் ஐயருக்குப் போன் எடுத்தார். கோழிக்குத் துடக்கென்று தான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் மனதுக்குப் பட்டால் இந்த வருடப் பொங்கலை விட்டுவிடுங்கோ என்றார் ஐயர். எங்கள் கந்தோரிலும் மேலிடத்துப் பதில்கள் இப்படித்தான் வரும். ஊசி போடுகிற இடத்துக்கு ஹனீபா நானா வழி செய்தார். கடையை அரை நாள் பூட்டிவிட்டு, தன் வீட்டு விறாந்தையைக் கூட்டி, ஒரு பாயும் விரித்து வைத்திருந்தார். அண்ணை கடகத்தை எடுத்தார். இந்த முறை ஒருவரும் தடுக்கவில்லை. தானே கொண்டுபோய் முடித்துவருவதாகவும், ராணி அக்கா வீட்டில் நிற்கட்டும், நேர்த்தி கெடவேண்டாம் என்றும் சொன்னார். அந்த மனிசன் ராணி அக்காவுக்கு விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

ராணி அக்கா குசினிக்குள் போய், கவிழ்ந்திருந்த பானையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைப் பூட்டித் திறப்பை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு, கடகத்தைத் தான் வாங்கிக்கொண்டார். நானா வீட்டு விறாந்தையில் ரீச்சரை மடியில் வைத்திருந்தார். டொக்டர் ஊசியைப் போட்டார். அது மடியிலேயே அடங்கியது. நானா தன் தேசிமரத்தடியில் ஏற்கனவே குழி வெட்டி வைத்திருந்தார். மண்ணை மூடும்போது, பானை என்னாவது என்று அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"அம்மன் அடுத்த வருஷமும் இருப்பா. இவளுக்கு இண்டைக்கு மட்டும்தானே."

ஒரு கிழட்டுக் கோழியை நித்திரையாக்க ஒரு சின்ன ஊசி போதும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தவர்கள், அதற்கு முதல் ஒரு புருஷனையும் ஒரு கோழிக்கடைக்காரரையும் ஓர் ஐயரையும் ஓர் அம்மனையும் கேட்கவேண்டி வரும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.