அண்ணாவின் வாய், வேறொருவர் குரல்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடல்வழியே ஆட்களை ஏற்றிப் போன லோஞ்சின் எஞ்சின் சத்தம் எப்படிப்பட்டதென்று அந்தக் காலத்தில் அதில் போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும். அந்தச் சத்தத்துக்கு மேலால் ஜெட்டி முழுவதும் கேட்கிற ஒரு குரல் இருந்தது. “பாத்து ஏறுங்கோ, பாத்து ஏறுங்கோ! அக்கா, பிள்ளையைப் பிடியுங்கோ!” லோஞ்சில் சுக்கான் பிடித்த என் அண்ணாவின் குரல் அது. கரகரத்த குரல் என்று எழுதலாம். எழுதி என்ன பிரயோசனம்? உலகத்தில் கரகரத்த குரல்கள் ஆயிரம் இருக்கின்றன. எழுத்தில் ஒருவருடைய மூக்கைக் காட்டலாம், நடையைக் காட்டலாம். குரலைக் காட்டுவதற்கு எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

வீட்டிலும் அவர் அந்த எஞ்சினுக்கு மேலாகத்தான் கதைத்தார். குசினிக்குள் அம்மா பக்கத்தில் நின்று தேத்தண்ணி கேட்பார். முன்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். “மெதுவாக் கதையடா, நான் என்ன மூதூரிலயோ நிக்கிறன்?” என்று அம்மா ஒவ்வொரு நாளும் ஏசுவார். அண்ணா “ஓம் ஓம்” என்பார். அதையும் கத்தித்தான் சொல்வார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. நான் கல்விக் கந்தோரில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தால் அண்ணாவின் குரல் எனக்கும் எரிச்சலைத்தான் கொடுத்தது. அதை ஒருநாள் தேடி அலைய வேண்டிவரும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அரசாங்கம் இந்தியப் படங்களின் வரவைக் குறைத்திருந்த எழுபதுகளின் வருடங்கள் அவை. அந்த இடைவெளிக்குள் நாங்களும் படம் எடுக்கலாமே என்ற ஆசை இங்கே பலரைப் பிடித்துக்கொண்டது. கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் கமெராவும் பெட்டிகளுமாக வந்து இறங்கியது. அவர்கள் லோஞ்சை வாடகைக்குக் கேட்கத்தான் ஜெட்டிக்குப் போனார்கள். சுக்கானைப் பிடித்தபடி நின்ற அண்ணாவைப் பார்த்த டைரக்டர், கதாநாயகியின் தமையன் வேடத்துக்கு வேறு ஆள் தேவையில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். கதையிலும் அந்தத் தமையனுக்கு லோஞ்சில்தான் வேலை. அண்ணா தன் சேர்ட்டோடேயே நடித்தார். அம்மா அதைக் கஞ்சி போட்டு மினுக்கிக் கொடுத்து, வேலைச் சேர்ட் மாதிரியே இல்லையென்று டைரக்டரிடம் பேச்சு வாங்கினார்.

லீவு போட்டுவிட்டு நானும் ஒருநாள் பார்க்கப் போனேன். கமெராவைவிட எனக்குப் புதினமாக இருந்தது, காதில் பெரிய செவிப்பொறியை மாட்டிக்கொண்டு சத்தத்தை நாடாவில் பதிகிற ஒரு ரேப் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்த ஒல்லியான மனிதர்தான். சவுண்ட் மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். எல்லாச் சத்தமும் அவருக்கு எதிரி. காகம் கத்தினால் முகம் சுளிப்பார். கப்பல் ஊதினால் தலையில் கை வைப்பார். சீனன்குடாவிலிருந்து ஒரு விமானம் கிளம்பிவிட்டால் படப்பிடிப்பே நிற்கும். “இப்ப பிடிக்கிற சத்தம் அடையாளத்துக்கு மட்டும்தான். பிறகு கொழும்பில, மூடின அறைக்குள்ள, வாயைப் பாத்துப் பாத்துத் திரும்பக் கதைக்கவேணும்” என்று எனக்கு விளக்கினார். நடிக்கும்போது ஒருதரம், பிறகு இருட்டுக்குள் ஒருதரம். ஒரு கதையை இரண்டு தரம் கதைக்கிற தொழில் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

அண்ணா கொழும்புக்குப் போய் அதையும் செய்துவிட்டு வந்தார். திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டில் திருவிழாதான். இருட்டறைக்குள் ஒரு சின்னத் துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்களாம். சிவப்பு பல்ப் எரிந்தால் கதைக்கவேண்டும். ஒரு மயிரளவு பிந்தினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். “என்ர வாய் எனக்கு முன்னால ஓடுது, நான் அதைப் பிடிக்கப் பின்னால ஓடுறன். அப்பப்பா, லோஞ்ச் ஓட்டுறது சுகம்!” என்று கதிரையிலிருந்து எழுந்து நடித்துக் காட்டினார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கடைசியில பிடிச்சனியோ?” என்று கேட்டார். “பிடிச்சனான். எல்லாம் என்ர குரல்தான். கொட்டகையில நீங்கள் காதைப் பொத்தவேண்டி வரும்” என்றார் அண்ணா.

படம் திரைக்கு வருவதற்குள் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. முதலில் வெறும் தடிமன் காய்ச்சல் என்று வேலைக்குப் போனார். பிறகு ஆஸ்பத்திரியில் கிடத்தினோம். கடைசியில் அந்தக் குரல் முதலில் அடங்கியது, ஆள் அதற்குப் பிறகுதான் போனார். அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயசைத்தார்; ஒன்றும் கேட்கவில்லை. அம்மா குனிந்து குனிந்து “என்னடா, என்னடா” என்று கேட்டதை என்னால் இன்றைக்கும் தாங்க ஏலாது.

அழுது முடிந்தபிறகு அம்மா பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். படம் வரும். படத்தில் அவன் கதைப்பான். எங்கள் வீட்டில் அவருடைய ஃபோட்டோ இருந்தது, உடுப்பு இருந்தது, செருப்புக்கூட வாசலில் கிடந்தது. குரல் மட்டும் இல்லை. இப்போது பூனை கத்தினாலும் போனை நீட்டிப் பதிவு செய்கிறார்கள். அன்று எங்களைப் போன்றவர்களின் குரலைப் பதிய யார் இருந்தார்கள்? “முகத்தை நான் கண்ணை மூடினாப் பாப்பன். குரல்தான் பிள்ளை, அதை ஒருக்காக் கேட்டாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்” என்றார் அம்மா. அதற்காகவே அவர் சாப்பிட்டார், அதற்காகவே எழுந்து நடந்தார் என்றுகூடச் சொல்வேன்.

திருகோணமலையில் படம் திரையிட்ட முதல் நாள் ஜெட்டியே எழும்பிக் கொட்டகைக்கு வந்துவிட்டது. லோஞ்சில் வேலை செய்தவர்கள், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்த பழைய பயணிகள், மீன்கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணா திரையில் தோன்றியதும் மலிவு டிக்கெட் கலரியிலிருந்து விசில் பறந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அண்ணா படத்தில் வருகிற தங்கச்சியைப் பார்த்து வாயைத் திறந்தார். வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு குரல் வந்தது. வானொலி நாடகங்களில் வருகிற, இந்தியப் படத்துக் கதாநாயகர்களைப் போலக் கதைக்கிற குரல். “ஏம்மா அழறே? நான் இருக்கேன்ல?” என்றது. கொட்டகை ஒரு கணம் திகைத்தது. பிறகு கலரியிலிருந்து யாரோ, “டேய், இவன் எப்பயடா இந்தியாவுக்குப் போனவன்?” என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். செத்துப்போன சிநேகிதனுக்காக அழ வந்தவர்களே சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. திரையை விட்டுவிட்டுத் திரும்பி, கொட்டகையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். “அங்கயிருந்து ஆர் கதைக்கிறது? அவன் எங்க?” என்று என்னைக் கேட்டார். படம் முடியும்வரை யாரோ ஒரு மனிதர் என் அண்ணாவின் வாய்க்குள்ளிருந்து கதைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கிழமையே கொழும்புக்கு ரயில் ஏறினேன். கோபம் என்றால் அப்படியொரு கோபம். சவுண்ட் மாஸ்டரைக் கண்டுபிடித்து, இருக்கச் சொல்லுமுன்பே, “அண்ணாவின்ர குரலை என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டேன். பாவம், அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அண்ணாவின் குரலோடுதான் படத்தை முதலில் முடித்தார்களாம். படத்தை வாங்கவிருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, தமையன் கண்கலங்குகிற இடத்தில் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எங்கள் ஆட்களின் வியாதி அது. வீட்டில், கடையில், கோயிலில் கதைக்கிற மாதிரித் திரையில் ஒருவர் கதைத்தால் அவர் கோமாளி என்றே எங்களுக்குப் பழகியிருந்தது. அழுகிறவன், காதலிக்கிறவன், சாகிறவன் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழில்தான் அதைச் செய்யவேண்டும். படத்துக்குக் காசு போட்ட முதலாளி பயந்துபோய், கொழும்பு வானொலி நாடகக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

“சரி, மாத்தினனீங்கள். அவர் கதைச்ச ரேப்பைத் தாங்கோ, அம்மாவுக்குப் போட்டுக்காட்டவேணும்” என்றேன். அவர் நிலத்தைப் பார்த்தார். “ரேப் எங்க தங்கச்சி கிடைக்குது? வெளிநாட்டிலயிருந்து வாறதே இல்லை. அதே ரேப்பிலதான் மற்றவரைப் பதிஞ்சனாங்கள்” என்றார். ஒன்றின் மேல் ஒன்று பதிந்தால் முதல் இருந்தது போய்விடும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? ஆனாலும் வெட்கமில்லாமல், கொஞ்சமாவது அடியில் இருக்காதா என்று கேட்டேன். ஏலாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, சற்று யோசித்து, “ஒரு இடம் இருக்கு” என்றார். லோஞ்ச் ஜெட்டியை விட்டுப் புறப்படுகிற காட்சியில் அண்ணா கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வாய் தெரியாததால் அந்த இடத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஜெட்டியில் அன்று பிடித்த சத்தம், காகமும் எஞ்சினும் அவருடைய கூப்பாடுமாக, அப்படியே இருக்கிறது. “ஆனா அதுக்கு மேலால மியூசிக் போகுது” என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. சந்தோஷத்தில் ரயிலுக்கு ஓடினேன்.

வந்து பார்த்தால் நகரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். விசாரித்துப் பார்த்ததில், தம்பலகாமத்துப் பக்கம் அறுவடைக் காசு புழங்குகிற நேரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு அதைக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு பகல் காட்சிக்கு அம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவருக்குப் பாடம் எடுத்தேன். தங்கச்சி கைகாட்டுவாள், கயிற்றை அவிழ்ப்பார்கள், உடனே காதைக் கூர்மையாக்குங்கோ, அது அவர்தான். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

அந்த இடம் வந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். அண்ணாவின் முதுகு, அம்மா கஞ்சி போட்ட அந்தச் சேர்ட். அதேநேரம் கதாநாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்காக ஒரு கூட்டம் பிடில்கள் எழும்பின, புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டது. நல்ல இசைதான், குறை சொல்லமாட்டேன். அதன் அடியில், மிக அடியில், “பாத்து ஏறுங்கோ” என்று ஒன்று தலைகாட்டி அமிழ்ந்தது. “அக்கா, பிள்ளையை...” என்று இன்னொரு தரம். அவ்வளவுதான். அம்மா பாதி எழுந்து நின்றார். “அந்தப் பிடிலைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு பிள்ளை. அவன்ர குரல் கேக்குது. போய்ச் சொல்லு, நிப்பாட்டட்டும்.”

நான் போனேன். நம்பினால் நம்புங்கள், படிச்ச பிள்ளை, எல்லாம் தெரிந்தும் எழுந்து போனேன். படம் ஓட்டுகிற அறைக் கதவைத் தட்டி, உள்ளே இருந்தவரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன். கதைக்கிற சத்தம் ஒரு நாடாவில், காகமும் கடலும் ஒரு நாடாவில், இசை ஒரு நாடாவில் என்று தனித்தனியாக வைத்திருந்து, கடைசியில் மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள். தேத்தண்ணியில் கரைந்த சீனியைத் திரும்ப அள்ள ஏலுமோ? அவர் “என்ன வேணும்?” என்று கேட்டார். “ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டு வந்து, நிப்பாட்ட ஏலாதாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் காட்சி மாறி, அந்த வெண்ணெய்க் குரல் மறுபடியும் கதைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கொட்டகையில் படம் ஓடிய நாளெல்லாம் அம்மா போனார். நான் வேலைக்குப் போனபிறகு தனியாகவே பஸ் ஏறினார். அந்த ஒரு நொடிக்காகப் படம் முழுவதையும் இருந்து பார்த்தார். அதாவது, தன் மகனின் வாயிலிருந்து வேறொருவர் கதைப்பதை ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிநேரம் கேட்டார். அதைத் தடுத்திருக்க ஏலுமா? எப்படித் தடுப்பது? கிடைத்தது அது ஒன்றுதானே. பிறகு படப் பெட்டி எங்கேயோ போய்விட்டது. அந்தப் படத்தை இன்று தேடினாலும் கிடைக்காது.

சில வருடங்கள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு காலையில் நான் கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தெளிவான முகத்தை நான் கண்டு வெகுகாலம். “பிள்ளை, இரவு கனவில கொண்ணன் வந்தவன்” என்றார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அண்ணா கனவில் கதைத்ததில்லை, வந்து நின்றுவிட்டுப் போய்விடுவார் என்பதுதான் அம்மாவின் குறை. “இந்த முறை கதைச்சவன். பக்கத்தில இருந்து, ‘அம்மா, சாப்பிட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு?’ எண்டு கேட்டவன். எவ்வளவு வடிவாக் கதைக்கிறான் தெரியுமோ, கத்தாமல், மெதுவா.” அந்த வார்த்தைகளை அம்மா சொன்ன தொனி அசல் அந்த நாடகக்காரருடையது. மூச்சு விடுகிற இடம்கூடப் பிசகவில்லை.

அது அவர் இல்லை அம்மா, அண்ணா அப்படிக் கதைக்கமாட்டார், “அம்மோய், திண்டனீங்களோ?” என்று வீடு அதிரத்தான் கேட்பார் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் போதாது, அந்தக் குரலில் ஒருதரம் கேட்டும் காட்டவேண்டும். வாயைத் திறந்தேன். அண்ணாவின் முகம் வந்தது. சுக்கானைப் பிடித்த கை வந்தது. கழுத்து நரம்பு புடைக்க அவர் கத்துவது அப்படியே கண்ணுக்குள் நின்றது. சத்தத்தைத் தேடினேன். என் காதுக்குள்ளும் அந்தக் கொழும்புக்காரர்தான் கதைத்தார்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

“வேற என்ன சொன்னவர் அம்மா?” என்று கேட்டேன்.