பெரிய ஜீப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பழைய காருக்குப் பத்து வயது முடியப்போகிற சமயம். சிங்கப்பூரில் காருக்குப் பத்து வயது ஆனால், அதை வைத்திருப்பதற்கான சிஓஇ என்கிற உரிமம் முடிந்துபோகும். மறுபடியும் பெரிய தொகை கட்டினால் தொடர்ந்து ஓட்டலாம், இல்லாவிட்டால் அது பழைய இரும்புக்குத்தான். எங்கள் கார் அப்படித் தொகை கட்டிக் காப்பாற்றுகிற அளவுக்கு நல்ல பிள்ளையும் இல்லை. வேறு வண்டி பார்க்க ஆரம்பித்தோம்.

நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஏழு பேர் உட்காரலாம். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும். பக்கவாட்டுக் கதவு வழுக்கிக்கொண்டு திறக்கும். என் கணவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ரொட்டி வேன் மாதிரி இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் மனசு வேறு இடத்தில் இருந்தது. துவாஸில் அவரோடு வேலை பார்க்கும் நண்பர் தன் ஜீப்பை விற்கப் போகிறாராம். கறுப்பு நிறம், மலைபோல உயரம். அது எங்கள் புளோக்குக்குக் கீழே வந்து நின்றால் ஐந்தாம் மாடியில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும், அப்படி ஒரு உறுமல்.

"ஏன் விக்கிறாராம்?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் விலை ஏறிக்கிட்டே போகுதுல்ல, அதான்."

"நம்ம வீட்டுக்கு வந்தா இறங்கிடுமா?"

அவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

எங்கள் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து துவாஸுக்கு அவர் தினமும் போய்வர வேண்டும். அந்த ஜீப்பில் போனால் சம்பளத்தில் பாதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும். ஆனால் வாதம் பண்ணினால் அவருக்குப் பிடிவாதம் கூடும் என்பது பதினைந்து வருஷத்தில் நான் கற்றது. அதனால் மறுநாள் காலை தேன் ஒழுகச் சொன்னேன்: "ஒரு நாளைக்கு இரவல் வாங்கிட்டு வாங்களேன். குடும்பத்தோட போய் ஓட்டிப் பாப்போம்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த நாளை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. இடம், லிட்டில் இந்தியா. அந்த வாரத்தில் அங்கே நடப்பதற்கே இடம் கிடைக்காது.

அதோடு நிறுத்தவில்லை. பக்கத்து புளோக்கில் இருக்கும் மாமனாரையும் அழைத்தேன். அவருக்கு முழங்கால் வலி. அவ்வளவு உயரத்தில் ஏற முடியாமல் "அய்யோ அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். பெரிய மகளைத் தனியே கூப்பிட்டு, "வண்டியில ஏறினதுலேர்ந்து புழுங்குது, புழுங்குதுன்னு சொல்லிக்கிட்டே இரு. ஏர்கான் முழுசா ஓடணும். உனக்கு ஒரு பபிள் டீ" என்றேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஜீப் வந்து நின்றது. மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். ஒரே எட்டு, முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆகா! ரோடு முழுக்கத் தெரியுதுப்பா. இதையே வாங்கிடு" என்றார்.

என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கோயிலுக்கும் போக வேண்டும் என்று பட்டுப்புடவை கட்டியிருந்த நான்தான் ஏறத் தெரியாமல், இளைய மகள் பின்னாலிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே விழுந்தேன்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டில் நுழைந்ததும் எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. வண்டி பத்தடி நகரும், பத்து நிமிஷம் நிற்கும். "புழுங்குதுப்பா" என்றாள் மகள். ஏர்கான் சீறியது. பெட்ரோல் முள் இறங்குவதை நான் பின் சீட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுக்குமாடி கார்பார்க்கில் நாலு சுற்றுக்குப் பிறகு ஓர் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் வேன். மாமனார் இறங்கி நின்று, "ஒடி, ஒடி, நேரா விடு, நிறுத்து!" என்று பஸ் டிப்போவில் போலக் கத்தினார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. கடைசியில் ஜீப் உள்ளே போய்விட்டது. கதவுதான் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை.

பிள்ளைகள் நழுவி இறங்கினார்கள். என் கணவர் வயிற்றை எக்கிக்கொண்டு ஒரு சட்டைப் பொத்தானை இழந்து வெளியே வந்தார். பட்டுப்புடவையோடு நான் சீட்டைத் தாண்டி, பின்கதவு வழியாக இறங்க வேண்டியதாயிற்று. அந்த வழியாக வந்த ஒரு சீனத் தம்பதி மரியாதையாக நின்று, நான் தரைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். அந்த மனிதர் கைகொடுத்து உதவவும் செய்தார். என் கணவர் சிரிப்பை அடக்கத் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்கு வைத்த பொறியில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

கரும்பு, பானை, மஞ்சள் கொத்து எல்லாம் வாங்கித் திரும்புகிற வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். இரவல் வண்டியை நிரப்பித்தானே கொடுக்க வேண்டும். மீட்டரில் எண்கள் ஓட ஓட நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் உற்சாகம் அடங்கிப்போயிற்று.

"நான் ஓட்டின காலத்துல டீசல் என் காசு இல்லப்பா" என்றார் மெதுவாக.

மாலையில் நண்பர் சாவி வாங்க வீட்டுக்கு வந்தார். நான் வெற்றிக் களிப்பில் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன அண்ணி, அண்ணன் ஒரு நாள் ஆசை தீர ஓட்டிட்டாரா? வாங்கப்போறதில்லைன்னு வியாழக்கிழமையே சொல்லிட்டாரு. ஓட்டியாவது பாக்கறேன்னாரு, சரி லா, எடுத்துக்கங்கன்னேன்" என்றார்.

அவர் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்கப்போறதில்லைன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா திட்டம் போட்டுக்கிட்டு இருந்தே. கெடுக்க மனசு வரல."

"திட்டமா? என்ன திட்டம்?"

அவர் பெரிய மகள் பக்கம் தலையைச் சாய்த்தார். "உங்கிட்ட ஒரு பபிள் டீ. எங்கிட்ட வந்து சொன்னதுக்கு ரெண்டு."

மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த மாதம் ரொட்டி வேன் வந்தது. முதல் நாள் எல்லாரும் ஏறிக்கொண்டோம். முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, அந்த வகை வண்டிகளின் வழக்கப்படி எஞ்சின் தானே அணைந்து சத்தமே இல்லாமல் போயிற்று. மாமனார் சட்டென்று பெல்ட்டைக் கழற்றினார்.

"எங்க போறீங்க மாமா?"

"வண்டி நின்னுபோச்சும்மா. நீங்க உக்காருங்க, நான் இறங்கித் தள்ளறேன்."